படிகக் கண்காணிப்புக் குழு

உலகத்தில் மூடநம்பிக்கை முற்றிலுமாக ஒழிந்துவிட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், அம்மாப்பேட்டை தாண்டி, சம்பா வயல்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் பொன்னிவளம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை அது. நீளம் முப்பது அடி, அகலம் இருபது அடி. வெளியே தாழ்வாரத்தில் கால் வைத்தால் மூடநம்பிக்கை மறுபடியும் தொடங்கிவிடும்.

இந்த அரும்பணியைத் தனி ஒருவராகச் செய்து முடித்தவர் கட்டமைப்பு உயிரியல் துறைத் தலைவர் முனைவர் இளவழகன். அறை வாசலில் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'இங்கு அறிவுக்கு மட்டுமே அனுமதி.' அதைப் படித்த ஏசி மெக்கானிக் ஒருவர் "நமக்கு எதுக்குங்க வம்பு" என்று வாசலோடு திரும்பிப் போய்விட்டதால் ஒரு வாரம் ஏசி ஓடவில்லை. அறிவு வியர்த்தது. ஆனால் வளைந்து கொடுக்கவில்லை.

கொள்கையில் அவருக்கு இருந்த பிடிப்பு சாதாரணமானதல்ல. எந்தச் சோதனையையும் ராகுகாலத்தில்தான் தொடங்குவார். நல்ல நேரம் பார்க்கிறவர்களுக்கு அது சாட்டையடி என்பது அவர் கருத்து. இதற்காகவே நாற்காலிக்குப் பின்னால் ஒரு தினசரி நாட்காட்டி தொங்கியது. காலையில் வந்ததும் தாளைக் கிழிப்பார். ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பார். பிறகுதான் மின்விசிறியைப் போடுவார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ராகுகாலம் தெரியாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவர் அவர் ஒருவர்தான். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை மணிக்கே வந்துவிடுவதால் ஆய்வு மாணவர்கள் அன்று மட்டும் தலை வாரியும் வாராமலும் ஓடி வருவார்கள்.

"சார், பத்து மணிக்கு ஆரம்பிச்சா என்ன சார்?" என்று ஒருமுறை கேட்டாள் குந்தவை. அதே அறையில் ஈஸ்ட் வளர்க்கும் மாணவி.

"பத்து மணி நல்ல நேரம்மா. நமக்கு ஆகாது."

இனி, அந்த அறையில் நடந்த மாபெரும் ஆராய்ச்சிக்கு வருவோம்.

எலிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. எலி வரப்பிலும் சேற்றிலும் விட்டுப்போகும் கிருமி, வயலில் இறங்குகிறவர்களின் கால் வெடிப்பு வழியாக ஏறிக்கொள்ளும். அப்படிக் காய்ச்சல் கண்டு பிழைத்த ஒருவரின் ரத்தத்தில், அந்தக் கிருமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று கிடைத்தது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர். பெயரைச் சொன்னாலே பாதிக் கிருமி ஓடிவிடும். அதன் உருவம் ஓணான் அடிக்கும் கவட்டைக் குச்சி மாதிரி. பப்பாளிப் பாலில் இருக்கும் ஒரு சரக்கை விட்டு நறுக்கினால் கவட்டையின் கை தனியே வந்துவிடும். அந்தக் கைதான் கிருமியைப் பிடிக்கும் கை. அது எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் மருந்துக்கு வழி பிறக்கும்.

தெரிந்துகொள்ள ஒரே வழி, அப்படிப்பட்ட கைகளைக் கோடிக்கணக்கில் வரிசையாக நிறுத்துவது. கயிறு பிடித்து நாற்று நட்டதுபோல் அவை ஒழுங்காக நின்றால் அதற்குப் பெயர் படிகம். அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டால் உருவம் கிடைத்துவிடும். தாறுமாறாகத் தெளித்த விதைபோல் கிடந்தால் புள்ளி கிடையாது, கணக்கு கிடையாது, முனைவர் பட்டமும் கிடையாது.

கடைசி 'கிடையாது' ஆஷிகாவுக்கு உரியது. வேதாரண்யம் பக்கம் தோப்புத்துறையில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீலின் மகள். அந்த ஒற்றைக் கையைப் பிரித்தெடுத்துச் சுத்தம் பண்ணுவதிலேயே அவளுக்கு வருடங்கள் போய்விட்டன. கார்த்திகைக் கடைசியில் இந்தூரில் உள்ள பெரிய எக்ஸ்ரே நிலையத்தில் அவளுக்கென்று ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் நல்ல படிகம் ஒன்று கையில் இருந்தால் ஆய்வேடு முடியும். இல்லாவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று இந்தூருக்கே தெரியாது. அவளுக்குத் தரக்கூடிய நீட்டிப்பெல்லாம் தந்தாகிவிட்டது.

படிகம் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் உப்புக் கரைசல். மேலே கண்ணாடி மூடி. மூடியின் அடியில், ஓட்டில் தொங்கும் மழைத்துளி மாதிரி, ஒரு சொட்டுப் புரதம். சொட்டின் ஈரம் மெல்லக் குழிக்கு இறங்கும்; சொட்டு மெல்ல இறுகும்; அந்த நிதானத்தில் கைகள் நகர்ந்து நகர்ந்து வரிசை பிடிக்கும். அவசரப்படுத்தினால் தயிர். ஆட்டினால் கஞ்சி. ஆகவே தட்டை அதிராத, சூடு மாறாத குளிர் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் உலக வழக்கம்.

வேறு வேலை பார்ப்பது இளவழகன் அறியாத கலை.

அவர் 'படிகக் கண்காணிப்புக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள்: இயற்பியல் துறைத் தலைவர், நூலகர், நிர்வாக அலுவலர், உடற்கல்வி இயக்குநர் செந்தில்குமார். உடற்கல்வி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, குழுவில் ஐந்து பேர் இருக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லப்பட்டது. யார் போட்ட விதி என்று விசாரிக்கக் குழு எதுவும் அமைக்கப்படவில்லை.

குழு நாள்தோறும் ராகுகாலத்தில் கூடியது. அலமாரி திறக்கப்படும். தட்டு வெளியே வரும். மைக்ரோஸ்கோப் விளக்கின் சூட்டில் உறுப்பினர்கள் பணிமூப்பு அடிப்படையில் ஒவ்வொருவராகக் கண் வைப்பார்கள்.

"எனக்கு என் இமை முடிதான் தெரியுது சார்" என்பார் செந்தில்குமார்.

"அதையும் பதிவு பண்ணுங்க" என்பார் இளவழகன்.

குழு போனதும் விருந்தினர்கள். பல்கலைக்கழகத்தின் தாளாளர் ரெங்கசாமி அடிப்படையில் ரைஸ் மில் அதிபர். யார் வந்தாலும் மூன்று இடத்தைச் சுற்றிக் காட்டுவார்: புதிய கலையரங்கம், பழைய அம்பாசடர் கார், ஆஷிகாவின் தட்டு.

"என்ன டாக்டர், கதிர் வாங்கிருச்சா?"

"வாங்கிக்கிட்டே இருக்குங்கய்யா."

மயிலாடுதுறைச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அரிசி வியாபாரிகள் சங்கத்தார் வந்தார்கள். தர ஆய்வுக் குழு வந்தது. ஆளுக்கொரு பக்கமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு, கபடியில் கேடயம் வாங்கியவர்கள் மாதிரிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சொட்டுகள் ஒரு வாரம் தயிராயின, ஒரு வாரம் கஞ்சியாயின. ஆஷிகா கொட்டிவிட்டுப் புதுத் தட்டுப் போட்டாள். ஆடி போய் ஆவணி போனது.

குழு சும்மா இருக்கவில்லை. 'படிகம் வராதது குறித்து இக்குழு ஆழ்ந்த கவலை கொள்கிறது. நிலைமையின் தீவிரத்தைக் கருதி, பார்வையிடுதலை நாளொன்றுக்கு இருமுறையாக உயர்த்தத் தீர்மானிக்கிறது.' இரண்டாம் முறைக்கு எமகண்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. குற்றவாளிகளும் அடையாளம் காணப்பட்டனர்: பக்கத்து வயலில் ஓடிய அறுவடை இயந்திரம், கீழே தோட்டத்து போர்செட், மற்றும் ஆஷிகாவின் 'ஈடுபாட்டில் உள்ள போதாமை'.

ஒருநாள் ஆஷிகா அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? தட்டைக் கொஞ்ச நாளைக்கு யாரும் தொடாம விட்ருவோம் சார்."

"தொடாம?"

"பாக்காமயும் சார். பாக்காம விட்டா வளரும்."

இளவழகன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மேற்கோள் வரும் என்று அர்த்தம்.

"பார்க்காமல் இருந்தால் வளரும் என்பது பக்தி. பார்ப்பதுதான் விஞ்ஞானம். எழுதிக்கம்மா."

"சார், எங்க ஊர்ப் பக்கம் உப்பளம் இருக்கு. பாத்தியில தண்ணியக் கட்டி விட்டுட்டு, உப்பு வெளஞ்சுச்சா உப்பு வெளஞ்சுச்சான்னு யாராச்சும் காலை விட்டுக் கலக்கிக்கிட்டே இருப்பாங்களா?"

"உப்பளம் வேற, ஆராய்ச்சி வேற. உப்பளத்துக்கு ஹெச்.ஓ.டி. இருக்காரா?"

"இல்ல சார்."

"பாத்தியா?"

"அதனாலதான் சார் உப்பு வெளையுது."

பின்மேசையில் குந்தவைக்குத் திடீரென்று இருமல் வந்தது. இளவழகனுக்கு அந்தக் கடைசி வாக்கியம் கேட்கவில்லை. அவருக்குக் கேட்காத வாக்கியங்கள் எப்போதும் மாணவர்களின் கடைசி வாக்கியங்களாகவே இருந்தன.

இந்த நிலையில்தான் அறிவுலகத்தின்மீது அந்தத் தாக்குதல் நடந்தது. ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் தாளாளர் போன் செய்தார்.

"டாக்டர், இந்த வருஷம் எல்லா டிபார்ட்மெண்டுலயும் பூஜை. அம்மாவே நேர்ல வந்து மிஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறாங்க. உங்க ரூமுலயுந்தான்."

"ஐயா, என்னோட கொள்கைன்னு ஒண்ணு..."

"அதுக்கும் ஒரு பொட்டு வச்சிருவோம்."

இளவழகன் தமது கடும் எதிர்ப்பைத் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டதன் மூலம் உலகுக்கு அறிவித்தார். வீட்டில் மனைவி வடை சுட்டிருந்தார். சாப்பிட்டார். அது பூஜைக்குச் செய்த வடை அல்ல, பூஜை அன்று செய்த வடை என்ற வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிட்டே சாப்பிட்டார்.

அவர் இல்லாத அறையில் நடந்ததை ஆய்வக உதவியாளர் மருதையன் பிற்பாடு மாணவர்களிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். தாளாளரின் மனைவி பிரகதாம்பாள் வந்தார். சென்ட்ரிஃபியூஜுக்குச் சந்தனம், குங்குமம். ஃபிரிட்ஜுக்கு மாலை. மைக்ரோஸ்கோப்புக்கு விபூதிப் பட்டை. அது பார்க்க ஒரு சிவனடியார் குனிந்து நிற்பதுபோல் இருந்தது. அன்று காலைதான் புதுத் தட்டு போட்டிருந்த ஆஷிகா முன்னால் வந்தாள்.

"அம்மா, இந்தக் குளிர் அலமாரியையும் பூஜையில சேத்துக்கங்கம்மா."

"நீயாம்மா சொல்றே? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எங்க வாப்பா கடையில வேலை பாக்குற அண்ணங்க வருஷா வருஷம் தராசுக்குப் பூஜை போடுவாங்கம்மா. பொரி கடலை வாங்கித் தர்றது வாப்பாதான்." கொஞ்சம் நிறுத்தி, "பூஜையில வச்சதை எடுக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுதானேம்மா?" என்றாள்.

"தொடவே கூடாது. வச்ச கையாலதான் எடுக்கணும். நாந்தான் வந்து எடுப்பேன்."

"யாருமே தொறந்து பாக்கக் கூடாது?"

"யாரா இருந்தாலுந்தான்."

"அது போதும்மா" என்றாள் ஆஷிகா.

பிரகதாம்பாள் அலமாரிக் கைப்பிடிகளைச் சேர்த்து மஞ்சள் கயிறு கட்டி, நடுவில் ஒரு பொட்டும் வைத்தார். மறுநாளே வந்து எடுத்திருப்பார். ஆனால் ஒன்றுவிட்ட அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனவர், போன இடத்தில் மழை பிடித்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். மாவட்டம் முழுக்கப் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வயலுக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து வந்த இளவழகன் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். ரத்தம் கொதித்தது. அறுத்து எறிவதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பயத்தினால் அல்ல. அந்தக் கயிறு தாளாளரின் மனைவி கட்டியது. தாளாளர்தான் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுகிறவர். ஆகவே கை நின்றது முழுக்க முழுக்க நிர்வாகக் காரணங்களுக்காக.

அன்று குழு வழக்கம்போல் ராகுகாலத்தில் கூடியது. சாத்திய கதவைப் பணிமூப்பு அடிப்படையில் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கலைந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. "எனக்குக் கதவு நல்லாத் தெரியுது சார்" என்றார் செந்தில்குமார், முதல்முறையாகத் திருப்தியுடன்.

ஒருவழியாகப் பிரகதாம்பாள் வந்து கயிற்றை அவிழ்த்தார். ஆஷிகா தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"என்னம்மா? தயிரா, கஞ்சியா?"

கேட்டுவிட்டு, இளவழகன் தாமே கண் வைத்தார். சொட்டின் நடுவில், உடைத்த கற்கண்டுத் துணுக்குபோல், ஓரமெல்லாம் கத்தியாக, சின்னஞ்சிறு படிகம் ஒன்று கிடந்து மின்னியது. பக்கத்தில் இன்னும் இரண்டு. எலிக்காய்ச்சலில் பிழைத்த யாரோ ஒருவரின் உடம்பு கற்றுக்கொண்ட பிடி, அங்கே வரிசை பிடித்து நின்றது.

ஆஷிகா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் சின்னதாத்தான் சார் இருக்கு. எக்ஸ்ரேக்குப் பத்தாது. ஒரு வாரம் இப்படியே விட்டா வந்துரும்."

"விட்டுடலாம். தாராளமா விட்டுடலாம்" என்றார் இளவழகன். "ஐயாகிட்ட மட்டும் ஒரு தடவை காட்டிட்டு."

ஐயா வந்தார். அவரோடு சிங்கப்பூர் மாப்பிள்ளையும் வந்தார். மாப்பிள்ளையோடு அவர் நண்பர்கள். வெளியே வாசலில் ஃப்ளெக்ஸ் எழும்பியது: இடப்பக்கம் தாளாளர், வலப்பக்கம் இளவழகன், நடுவில் படிகம். அதைப் பார்த்துத் தஞ்சாவூரிலிருந்து நிருபர் ஒருவர் வந்தார். "கொஞ்சம் வெளிச்சத்துல வைங்க சார்" என்றார். வைத்தார்கள். "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க." பிடித்தார்கள். கண்காணிப்புக் குழு, இத்தனை நாள் விட்டுப்போன பார்வைகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தது.

எல்லோரும் போன பிறகு ஆஷிகா பார்த்தாள். படிகம் கோடை வயல் மாதிரி வெடித்துக் கிடந்தது. மற்ற இரண்டும் கரைந்தே போயிருந்தன.

அவள் அழவில்லை, கத்தவில்லை. அது இளவழகனுக்குச் சங்கடமாக இருந்தது. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி முடித்திருக்கலாம்.

"சார், மிச்சம் இருக்குற புரதம் ஒரே ஒரு தட்டுக்குத்தான் வரும். இந்தூர்ல இருந்து போன் வந்துச்சு, வர்றீங்களா இல்லையான்னு. வர்றேன்னு சொல்லிட்டேன். இந்தத் தட்டை யாரும் தொறக்கக் கூடாது."

"யாரும்னா? குழு?"

"குழுவும்."

"ஐயா?"

"ஐயாவும்."

"நானுமா?"

"உங்களத்தான் சார் மொதல்ல சொல்றேன்."

குந்தவை ஈஸ்ட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்ட் அவ்வளவு சுவாரசியமாக அதற்கு முன் இருந்ததில்லை.

"நீ சொல்றதுக்கு ஆதாரம் என்னம்மா?"

"ஆயுத பூஜை சார். அப்ப மட்டுந்தான் யாரும் தொறக்கல. அப்ப மட்டுந்தான் வந்துச்சு."

"ஒரு விஞ்ஞானிகிட்ட வந்து ஆயுத பூஜையை ஆதாரமாச் சொல்றியே, வெளியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

ஆஷிகா தட்டைப் போடப் போய்விட்டாள். இளவழகன் நாற்காலியில் சாய்ந்து, பிரச்சினையை விருப்பு வெறுப்பின்றி ஆராய்ந்தார். படிகம் வந்தது உண்மை. ஏன் வந்தது? கருதுகோள்கள் இரண்டு. ஒன்று: யாரும் திறந்து பார்க்காததால் வந்தது. இதை ஏற்றால், ஆடியிலிருந்து வராமல் போன படிகங்களுக்கெல்லாம் காரணம் துறைத்தலைவர் என்றாகிறது. ஒரு மாணவி அதை முதலிலேயே சொன்னாள் என்றும் ஆகிறது. இரண்டு: சந்தனமும் மஞ்சள் கயிறும் வைத்ததால் வந்தது. இதை ஏற்றால் யார்மீதும் குற்றமில்லை. சான்றுகள் இரண்டுக்கும் சமம். பக்கவிளைவு குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் மருத்துவ அறிவியலின் அடிப்படை.

மறுநாள் காலை அவருடைய கார் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போய், அவரை யாருக்கும் தெரியாத நீடாமங்கலத்தில், ஒரு பூஜைச் சாமான் கடை வாசலில் நின்றது.

"சந்தன வில்லை. குங்குமம். மஞ்சள் கயிறு."

"வீட்ல விசேஷமுங்களா சார்?"

"ஆராய்ச்சி."

கடைக்காரர் தலையாட்டினார். "ஆராய்ச்சிக்குக் கற்பூரம் வேணாமா சார்?"

"வேண்டாம். லேப்ல தீ அபாயம்."

அன்று வியாழக்கிழமை. ராகுகாலம் ஒன்றரை மணிக்கு. மாணவர்கள் கேன்டீனுக்குச் சாப்பிடப் போன நேரம் பார்த்து இளவழகன் கதவைச் சாத்திக்கொண்டார். நாட்காட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ராகுகாலம் பிறப்பதற்குள் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரமாக இருந்தது. பீக்கரில் சந்தனம் குழைத்தார். சந்தனத்துக்கு விடும் தண்ணீர்கூட அங்கே காய்ச்சி வடித்த தண்ணீர்தான். கைப்பிடிகளைச் சேர்த்துக் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். போட்ட பிறகு, மூன்று முடிச்சு வேறு சடங்கு என்று நினைவு வந்து ஒன்றை அவிழ்த்தார்.

பொட்டு வைத்துத் திரும்பினால் ஆஷிகா நிற்கிறாள். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். கயிற்றைப் பார்த்தாள், அவர் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தாள்.

"கட்டுப்பாட்டுச் சோதனைம்மா" என்றார் இளவழகன். "போன தடவை இருந்த சூழ்நிலை எல்லாத்தையும் அப்படியே வச்சுப் பாக்கணும்ல?"

"கரெக்ட் சார்" என்றாள் ஆஷிகா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "போன தடவை நீங்க லீவுல இருந்தீங்க சார்."

அவருக்கு அந்தக் கடைசி வாக்கியம் இந்த முறை கேட்டது. எதிரொலியோடு கேட்டது.

இரண்டு நாள் கழித்துத் தாளாளர் அரிசி ஏற்றுமதியாளர்கள் நாலைந்து பேரோடு வந்தார். "டாக்டர், அந்தக் கற்கண்டை எடுங்க. இவங்க பாக்கணுமாம்."

இளவழகன் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார். "மன்னிக்கணுங்கய்யா. பூஜையில இருக்கு."

"இப்ப என்ன பூஜை?"

"ஆராய்ச்சிப் பூஜைங்கய்யா. எடுக்குற வரைக்கும் தொறக்கக் கூடாது."

தாளாளர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். ஏற்றுமதியாளர்களும் கழற்றினார்கள். எல்லோரும் அலமாரியை ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்பாசடரைப் பார்க்கப் போனார்கள். அரைமணி நேரத்தில் கண்காணிப்புக் குழுவும் வாசல்வரை வந்து, பொட்டைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. இதையே ஆஷிகா மாதக்கணக்கில் காரண காரியத்தோடு சொல்லி வந்தாள்.

கார்த்திகை பாதியில் ஆஷிகா கயிற்றை அவிழ்த்தாள். மூன்று சொட்டுகளில் படிகம். முன்னதைவிடப் பெரிது, முழுக் கற்கண்டு மாதிரி. நைலான் வளையத்தில் ஒவ்வொன்றாகக் கோதி எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கலனை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு இந்தூருக்கு ரயில் ஏறினாள். அப்துல் ஜலீல் கடையைச் சாத்திவிட்டுத் துணைக்குப் போனார். "உள்ள என்னம்மா இருக்கு?" என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "காய்ச்சல்ல பிழைச்ச ஒருத்தரோட கை" என்றே பதில் சொன்னாராம். அடுத்த ஸ்டேஷனில் அந்த இருக்கைகள் காலியாகின.

போன் வந்தபோது இளவழகன் அறையில் தனியாக இருந்தார்.

"சார், புள்ளி விழுது சார்! ஓரம் வரைக்கும் விழுது! பொட்டுப் பொட்டா, வரிசையா..." ஆஷிகாவின் குரல் உடைந்தது. பின்னால் அப்துல் ஜலீல் யாரிடமோ "வரிசை நடவுங்க, வரிசை நடவு" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்ல!" என்றார் இளவழகன். என்ன சொன்னார் என்பது இருவருக்குமே தெரியவில்லை.

அந்த வாரமே கலையரங்கத்தில் பாராட்டு விழா. இளவழகன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார். எலுமிச்சம்பழமும் சந்தனமும் வைத்துப் பின்தங்கிவிட்ட நாட்டில், அறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு ஓர் அறை இயங்குகிறது என்றார். கண்காணிப்பு, மேலும் கண்காணிப்பு, இடைவிடாத கண்காணிப்பு என்று வெற்றியின் ரகசியத்தை விளக்கினார். படிகக் கண்காணிப்புக் குழுவினர் ஐவருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. நேரமின்மை காரணமாக ஆஷிகாவின் பெயர் விட்டுப்போனது.

கைதட்டல் ஓய்ந்து அவர் அறைக்குத் திரும்பினார். குந்தவையின் ஈஸ்ட் புரதத்துக்கான முதல் தட்டு அன்று காலைதான் அலமாரிக்குள் போயிருந்தது. "சார், இதையும் யாரும் பாக்காம விட்ருவோம் சார்" என்று அவள் சொல்லிப் பார்த்திருந்தாள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அவர் மறுத்திருந்தார். ஆதாரமில்லாத எதையும் அவர் ஏற்பதில்லை. ஒரு மாணவியின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு வர, அந்த அறையில் அது முதலில் சாமியின் சிபாரிசோடு வரவேண்டியிருந்தது.

பொன்னாடையை மடித்து நாற்காலியில் போட்டார். 'அறிவுக்கு மட்டுமே அனுமதி' பலகைக்குப் பின்புறம் கையை விட்டு, ஒளித்து வைத்திருந்த சந்தன வில்லையை எடுத்தார். நாட்காட்டியில் நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. கயிற்றைக் கட்டினார், பொட்டை வைத்தார். தாழ்வாரத்தை எட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை.

சத்தம் வராமல், மெதுவாக, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.